பிலாட்டிஸ் என் இடுப்புக்குச் செய்தது

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் கவிழ்ப்பது சென்னையில் பல வீடுகளில் அன்றாட வேலை. கேன் போடுகிறவர் வாசலோடு வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அது வீட்டில் இருப்பவர் பாடு. சில வருஷங்களாக அந்தக் கேனை நான் தொட முடியாமல் இருந்தேன். இப்போது நானே தூக்கிக் கவிழ்க்கிறேன். மூச்சோடு சேர்த்து நடு உடம்பின் தசைகளை வலுவாக்கும் உடற்பயிற்சி முறையான பிலாட்டிஸால் என்ன பலன் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். எடை குறைந்ததா, வயிறு உள்ளே போனதா என்ற கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. வீடு நங்கநல்லூர், வேலை தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில். பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கிவிடலாம், பயணம் பெரிதில்லை. உட்காருவதுதான் பெரிது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தேதி நெருங்கும் நாட்களில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன், மதியச் சாப்பாடுகூட மேஜையிலேயே நடக்கும். மெல்ல மெல்லக் கூடிய இடுப்பு வலி, ஒரு காலையில் கோலம் போடக் குனிந்தபோது என்னை நிமிரவிடாமல் பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு (டிஸ்க்) லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது.

எலும்பு மருத்துவர் நிதானமானவர். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் இந்த வயதில் பலருக்கு இப்படித்தான் இருக்கும், ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் என்னைவிட ரொம்பச் சின்னவர். முதல் வாரம் வலி தணிந்ததும் அவர் சொன்னார்: "அக்கா, ஹீட் வெச்சு, கரன்ட் வெச்சு வலியைக் குறைச்சிடலாம். அதோட நிறுத்திட்டா நீங்க மறுபடியும் என்கிட்டதான் வருவீங்க. கொஞ்ச நாள் பிலாட்டிஸ் பண்ணுங்க." அவரே ஒரு மாடி ஹாலில் சாயங்கால வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அப்படித்தான் சேர்ந்தேன்.

முதல் வகுப்பு முழுவதும் மூச்சுதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதம் இரண்டையும் தரையில் பதித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு துண்டை விலா எலும்பைச் சுற்றிக் கட்டி, அதன் இரு முனையையும் என் கையிலேயே கொடுத்தார். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழும்பக் கூடாது, துண்டு பக்கவாட்டில் விரிய வேண்டும். முதுகுப் பக்கம் விலா தரையை அழுத்துவதும் தெரிய வேண்டும். விடும்போது வாயால் மெதுவாக விட்டுக்கொண்டே, சிறுநீரை அடக்கும் தசையை லேசாக மேலே இழுக்க வேண்டும். அப்போது அடிவயிறு தானாக உள்ளே போகும். அதைச் சரிபார்க்க ஒரு வழியும் காட்டினார். இடுப்பின் முன்பக்கம் துருத்தி நிற்கும் இரண்டு எலும்புகளிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே விரல் நுனியை வைத்து மெதுவாக இருமினால், விரலுக்கடியில் ஏதோ இறுகுவது தெரியும். அந்த இறுக்கத்தை இருமாமலே, மூச்சாலேயே வரவழைக்க வேண்டும். முழு பலத்தில் இறுக்கக் கூடாது, கால்வாசி போதும். இழுத்துப் பிடித்தால் மேல்வயிறு கெட்டியாகி மூச்சு நின்றுவிடும்.

கேட்க எளிது. செய்யும்போது கழுத்து, தாடை, தோள் எல்லாம் உதவிக்கு ஓடி வருகின்றன. அவர் பக்கத்தில் வந்து என் தாடையில் ஒரு விரல் வைத்து, "இதுக்கு இங்க வேலை இல்லக்கா" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த வகுப்புக்குக் கொடுத்த காசு தகும் என்று நினைக்கிறேன்.

இப்படி உழைப்பவை கண்ணுக்குத் தெரியாத தசைகள். வயிற்றைச் சுற்றிக் குறுக்காக ஓடும் உள்தசை, முதுகெலும்பை ஒட்டிய சின்னச் சின்னத் தசைகள், மேலே மூச்சுக்கான உதரவிதானம், கீழே சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசை. புடவைக்குப் பாவாடை நாடா எப்படியோ, உடம்புக்கு இவை அப்படி: வெளியே தெரியாது, ஆனால் மற்றதெல்லாம் நிற்பது அதன் மேல்தான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. நாம் கையைத் தூக்குவதற்கு ஒரு கணம் முன்பே வயிற்றின் உள்தசை வேலையைத் தொடங்கிவிடுகிறது. இடுப்பு வலிக்காரர்களிடம் அது தாமதமாகிறது. இதுதான் வலிக்கு ஒரே காரணம் என்று இன்று யாரும் சொல்வதில்லை, தூக்கம், பயம், மன அழுத்தம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் தண்ணீர் கேனை நெருங்கும்போது நான் மூச்சை விட்டுக்கொண்டே தூக்குவதற்கும், முன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கியதற்கும் உள்ள வித்தியாசத்தை என் இடுப்பு அறியும். கேனை உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கி, எழும்போது மூச்சை விடுவேன். அவ்வளவுதான்.

மூச்சு ஓரளவு பிடிபட்ட பிறகுதான் பயிற்சிகள் வந்தன. இந்த முறையில் ரொம்பப் பிரபலமானது 'ஹண்ட்ரட்'. படுத்த நிலையில் தலையையும் தோளையும் கொஞ்சம் உயர்த்தி, கால்களைத் தூக்கி, நீட்டிய கைகளால் காற்றைத் தட்டுவது. ஐந்து தட்டுக்கு மூச்சை இழுத்து, ஐந்து தட்டுக்கு விட வேண்டும். இப்படிப் பத்து சுற்று வந்தால் நூறு ஆகிவிடும். வயிறு நடுங்கும், நடுங்கட்டும். கழுத்து வலித்தால் மட்டும் விட்டுவிட வேண்டும். தலையைத் தரையில் வைத்தே செய்யலாம், கால்களை நீட்டாமல் மடக்கியே வைக்கலாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறோம். கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழு வடிவத்தில் செய்வதைவிட அதில் பலன் அதிகம். தோள்பட்டையை ஊன்றி இடுப்பை ஒவ்வொரு முள்ளெலும்பாகத் தூக்கி இறக்கும் பிரிட்ஜ், ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, குப்புறப் படுத்து எதிரெதிர்க் கையையும் காலையும் உயர்த்துவது, இவைதான் எங்களுக்கு அன்றாடச் சாப்பாடு.

இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் என்று நோயோடு வளர்ந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டுக்காரர் என்று முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே சக கைதிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டியதுதான் பின்னாளில் வந்த மிஷின்களுக்கு வித்து என்று சொல்வார்கள். 1920-களில் நியூயார்க் போய் ஒரு ஸ்டுடியோ தொடங்கினார், அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நோயாளி, கைதி, அடிபட்டவர் என்று இவர்களுக்காகப் பிறந்த பயிற்சி இது. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கள் வகுப்பிலும் ஒரு பரதநாட்டிய ஆசிரியை இருக்கிறார். அரைமண்டியில் பாதங்களைத் திருப்பி முழங்காலை விரிக்கும்போது, அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அது போதாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் பாரம் முழங்காலில் இறங்கும். பல வருஷம் மாணவிகளுக்கு ஆடிக் காட்டியதில் அவருக்கு முழங்கால் வலி. ஒருக்களித்துப் படுத்து, குதிகால்களைச் சேர்த்து வைத்து, மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடும் ஒரு சின்னப் பயிற்சி உண்டு. மார்கழி சீசனுக்கு முன் அவர் அதைச் சிரத்தையாகச் செய்வதைப் பக்கத்துப் பாயிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்க்க ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், அவர் நெற்றியில் மட்டும் வியர்வை துளிர்த்திருக்கும்.

"நம்ம யோகா இருக்கும்போது இது எதுக்கு?" இந்தக் கேள்வியைச் சென்னையில் தவிர்க்க முடியாது. நியாயமான கேள்விதான். யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வாழ்ந்து கற்றுக்கொடுத்த ஊர் இது, அவர் பெயரில் 1976-ல் தொடங்கிய யோக மந்திரம் என்ற யோகா பள்ளி இங்கேதான் இருக்கிறது. மூச்சோடு இணைந்துதான் உடம்பு அசைய வேண்டும் என்பது அந்த மரபின் உயிர்நாடி. அதில் பழகியவர்களுக்குப் பிலாட்டிஸ் அந்நியமாகத் தெரியாது. ஆசனத்தில் ஒரு நிலைக்கு வந்து அங்கே தங்குவது அதிகம். இங்கே தங்குவது குறைவு, அசைந்துகொண்டே இருக்கிறோம், பெரும்பாலான அசைவுகளில் நடு உடம்பைக் குலையாமல் வைத்துக் கைகால்களை இயக்குகிறோம். எனக்கு யோகாவில் குனியும் ஆசனங்கள் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை, இது ஒத்துக்கொண்டது. யோகா ஒத்துக்கொள்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. இடுப்பு வலிக்குப் பிலாட்டிஸ் உதவுமா என்று 2015-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, அவற்றில் மொத்தம் 510 பேர். சும்மா இருப்பதைவிடப் பிலாட்டிஸ் செய்தால் வலியும் முடக்கமும் குறைகின்றன. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உயர்ந்தது என்பதற்கு மட்டும் உறுதியான ஆதாரம் இல்லை. எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. விடாமல் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, எடை. என் எடை அப்படியேதான் இருக்கிறது. பிலாட்டிஸில் செலவாகும் கலோரி குறைவு, அதை நம்பி எடை குறையும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் வேகநடை தனியாக வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில் இயங்க வேண்டும், அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பது 2020-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. அந்த இரண்டு நாளுக்கு நான் பிலாட்டிஸை வைத்துக்கொண்டேன், மீதிக்கு நடக்கிறேன். மாறியது வேறு விஷயங்கள். நாற்காலியில் கூன் போடாமல் உட்கார முடிகிறது. ரயிலில் கைப்பிடி கிடைக்காவிட்டாலும் பிரேக் போடும்போது சாய்ந்துவிடாமல் நிற்கிறேன். ராத்திரி புரண்டு படுக்கும்போது வலியால் விழிப்பு வந்த காலம் போய்விட்டது. தரையில் சம்மணமிட்டு அரிவாள்மனையில் காய் நறுக்கிவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறேன். என் அம்மா எழுபது வயதிலும் அப்படி எழுந்தவர்.

இன்னொன்றை நான் வெளிப்படையாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பெண்கள் யாரும் இதைப் பேசுவதில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலோ, பலமாகச் சிரித்தாலோ, படியில் வேகமாக இறங்கினாலோ எனக்குச் சிறுநீர் கசியும். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டத்தோடு இறங்கும் பெண்களில் எத்தனை பேர் அதற்காகவே பேடு வைத்துக்கொண்டு இறங்குகிறார்களோ. வயசானால், பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று எனக்கு முந்தைய தலைமுறை சகித்துக்கொண்டது. சகிக்க வேண்டியதில்லை. இதற்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் சிகிச்சையே இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான், குறைந்தது மூன்று மாதம் தினமும் செய்யச் சொல்வார்கள். ஒரு தடவைக்கு எட்டு முறை இறுக்கித் தளர்த்துவது, நாளைக்கு மூன்று தடவை. பிலாட்டிஸ் அதற்கு மாற்று இல்லை. ஆனால் ஒவ்வொரு அசைவிலும் மூச்சை விடும்போது அந்தத் தசையைச் சேர்த்துக்கொள்ளப் பழகியதால், தும்மல் வருவதற்கு முன் அது தானாக இறுகுகிறது. இறுக்குவது பாதி வேலை, முழுதாகத் தளர்த்துவது மீதிப் பாதி. தளர்த்தத் தெரியாமல் எப்போதும் இறுக்கியே வைத்திருந்தால் வேறு தொந்தரவு வரும். அதனால் முதலில் மகப்பேறு மருத்துவரிடமோ, இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. என் கைப்பையில் இப்போது பேடு இல்லை.

என் மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் எலும்பு மெலிவு (ஆஸ்டியோபொரோசிஸ்) என்று தெரிந்திருக்கிறது. நான் கூடத்தில் பாய் விரித்துச் செய்வதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எனக்கும் ஏதாவது சொல்லிக்கொடேன்" என்றார். எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லிவிடவில்லை, என் ஆசிரியையிடமே அழைத்துப் போனேன். "பாட்டிம்மாவுக்கு முன்னாடி குனியுற எதுவும் வேண்டாம், முதுகை முறுக்குறதும் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்தால் முள்ளெலும்பு நசுங்கலாம். பிலாட்டிஸ் பாடங்களிலோ உருண்டு எழுவது, குனிந்து பாதம் தொடுவது என்று அப்படிப்பட்டவை நிறைய. அத்தைக்கு நாற்காலிதான். கை ஊன்றாமல் எழுந்து உட்காருவார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பார். சுவரோடு முதுகை ஒட்டிக் கைகளை மேலே தேய்த்துக்கொண்டு போவார். விழாமல் இருப்பதுதான் அந்த வயதில் பெரிய ஆரோக்கியம். குக்கர் விசில் வரும்வரை ஒற்றைக்காலில் நிற்பது என்று அவராகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார், அதில் எனக்குச் சந்தோஷம்.

ஆசிரியர் தேர்வுதான் முக்கியம். 'பிலாட்டிஸ்' என்ற பெயரை யாரும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது, அது பொதுச் சொல் என்று 2000-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் போர்டில் அந்தப் பெயர் இருப்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. முதல் நாள் உங்கள் பிரசவம், ஆபரேஷன், ரத்த அழுத்தம், வலி பற்றி விசாரிக்கிறாரா, உங்களால் முடியாததற்கு உடனே ஒரு மாற்று சொல்கிறாரா, வகுப்பில் எல்லோரையும் அவர் கண் எட்டுகிறதா என்று பாருங்கள். இசையை அலறவிட்டு, முன்னால் நின்று தானே செய்துகொண்டிருப்பவரிடம் சேர வேண்டாம் என்பது என் கருத்து. அடையாறு, நுங்கம்பாக்கம் பக்கம் ரிஃபார்மர் மிஷின் வைத்த ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. ஸ்பிரிங்கோடு நகரும் அந்தப் படுக்கை பலவீனமானவர்களுக்குத் தாங்கலாகவும் பலமானவர்களுக்குத் தடையாகவும் இருக்கும், அருமையான கருவி. ஆனால் கட்டணம் அதிகம். பாயிலேயே தொடங்கலாம். கொஞ்சநாள் நேரில் கற்ற பிறகே வீடியோ பார்த்துச் செய்வது உசிதம், வீடியோவுக்கு உங்கள் தாடை தெரியாது.

பாய் என்றதும் யோகா மேட்டை நினைக்காதீர்கள். மொசைக் தரையில் மெல்லிய மேட் போட்டு உருண்டால் முதுகெலும்பு உறுத்தும். தடியான மேட் வாங்குங்கள், இல்லாவிட்டால் மேட்டுக்குக் கீழே ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். மெத்தை மேல் செய்யக் கூடாது, இடுப்பு அமுங்கிவிடும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை விடிந்ததும் முடித்துவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சாயங்காலம் செய்தால் பாதியிலேயே தலை சுற்றும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்த அசைவிலும் மூச்சைப் பிடிக்காதீர்கள். கண்ணில் நீர் அழுத்தம் (கிளாகோமா) இருப்பவர்கள் இடுப்பைத் தலைக்கு மேலே கொண்டுபோகும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் மாதம் ஏற ஏற மல்லாந்து வெகுநேரம் படுக்கக் கூடாது, அவர்களுக்கென்று தனிப் பயிற்சிகள் உண்டு. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவர் சரி சொன்ன பிறகு வந்தால் போதும். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால், தொடைகளுக்கு நடுவே உணர்வு மரத்தால், அது அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வகுப்புக்கே போக முடியாத ரிட்டர்ன் வாரங்களில் நான் மூன்றே மூன்று செய்கிறேன்: படுத்து விலா மூச்சு பத்து, பிரிட்ஜ் பத்து, ஒருக்களித்துக் காலைத் தூக்குவது பக்கத்துக்குப் பத்து. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஆபீஸில் மணிக்கொரு தரம் எழுந்து, நாற்காலி முதுகைப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே குதிகாலை உயர்த்தி இறக்குவேன். பக்கத்து மேஜையில் இருக்கும் பெண்ணும் இப்போது கூடவே எழுந்து நிற்கிறாள், அவளுக்கு இடுப்பில் வலி ஆரம்பித்திருக்கிறதாம். சனிக்கிழமை வகுப்புக்கு அவளை அழைத்துப் போகிறேன்.